கலோரி காட்டும் கருவிகளில் எதை வாங்குவது, எதை நம்புவது?

அம்மா, நீங்கள் ஒரே கேள்வியாக எழுதியிருந்தாலும் அதற்குள் மூன்று பேருக்கான மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கு வயது 46, எடை 68 கிலோ. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, பாலக்கோட்டில் பள்ளி மைதானத்தைச் சுற்றித் தினமும் காலையில் ஒரு மணி நேரம், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்கிறீர்கள். உங்கள் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். ராயக்கோட்டைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் மாலையில் ஜிம்முக்குப் போகிறார். உடன் பணிபுரியும் ஆசிரியையிடம் இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்த ஸ்மார்ட் வாட்ச், உங்கள் ஒரு மணி நேர நடைக்கு 410 கலோரி என்று காட்டியது. கைப்பேசியில் இருந்த செயலியோ அதே நடைக்கு 180 என்றது. இரண்டில் எது சரி, மூவருக்கும் பொதுவாக ஒரு கருவி உண்டா, அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நடையைப் பொறுத்தவரை கைப்பேசி சொன்ன எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கிறது. விலை கூடிய கருவி தவறாகவும் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி ஏறக்குறையச் சரியாகவும் சொல்வது எப்படி என்று புரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கையில் கட்டும் எந்தக் கருவியும் கலோரியை அளப்பதில்லை. ஒருவர் உடலில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை உண்மையில் அளக்க வேண்டுமானால், அவர் இழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் முகமூடி மாட்டி அளக்க வேண்டும். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கிலோ கலோரி செலவாகிறது. 1949-ல் வெயர் என்ற உடலியல் அறிஞர் வகுத்த சமன்பாடுதான் இந்தக் கணக்குக்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. (உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வது கிலோ கலோரியைத்தான், இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.) கைக்கடிகாரத்துக்கு உங்கள் மூச்சு தெரியாது. அது கையின் அசைவையும் இதயத்துடிப்பையும் பார்த்து, நீங்கள் பதிந்து வைத்த வயது, பால், உயரம், எடை ஆகியவற்றோடு சேர்த்து ஓர் எண்ணை ஊகிக்கிறது. மின் மீட்டரைப் பார்க்காமல், வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது என்று வாசலில் நின்று எண்ணிக் கரண்ட் பில்லைச் சொல்வது போன்ற வேலை இது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 60 பேருக்கு அன்றைய பிரபலமான 7 கருவிகளைக் கட்டி, ஆய்வகக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதயத்துடிப்பில் 7-ல் 6 கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியிலோ, இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவி 93 சதவீதம் தவறியது. அந்த மாடல்கள் இப்போது சந்தையில் இல்லை, அவற்றுக்குப் பின் வந்தவை பல வகையில் மேம்பட்டவை என்பதும் உண்மை. ஆனால் துடிப்பை நன்றாக அளந்துவிட்டு அதிலிருந்து கலோரியைத் தவறாக ஊகிப்பது என்ற இடைவெளி இன்னும் மூடப்படவில்லை. ஆகவே கருவி வாங்கும்போது, "இது கலோரி காட்டுமா?" என்று கேட்பதில் பயனில்லை, காட்டாத கருவியே இல்லை. நான் செய்யும் பயிற்சிக்கு எந்த அளவீடு முக்கியமானது, அந்த அளவீட்டை இந்தக் கருவி சரியாக எடுக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் உங்கள் நடையைப் பார்ப்போம். அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பு பயன்படுத்தும் நடைச் சமன்பாட்டின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் நடக்க, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டர்; அதாவது அரை கலோரி. 68 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் நடந்தால் 68-ஐ 5-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும், 170 கலோரி. இதற்குப் பேனாவும் தாளும் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் உடல் தன்னைப் பராமரிக்க ஏறத்தாழ 70 கலோரி செலவழித்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 240. சில கருவிகள் 170-ஐக் காட்டும், சில 240-ஐக் காட்டும். ஆக்டிவ் கலோரி என்றும் டோட்டல் கலோரி என்றும் திரையில் பிரித்திருப்பது இந்த வேறுபாட்டைத்தான். எப்படிக் கணக்கிட்டாலும் 410 வருவதற்கு வழியில்லை.

இந்த வேறுபாட்டால் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். கடிகாரம் 410 என்று சொன்னதை நம்பி, அவ்வளவையும் எரித்துவிட்டோம் என்று அதற்கு ஈடாகச் சாப்பிட்டால், உண்மையில் எரித்ததைவிடத் தினமும் 240 கலோரி (410-லிருந்து 170 போக) அதிகமாக உள்ளே போகும். குறைந்த உடலுழைப்புள்ள, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 1,660 கலோரி என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது ஏழில் ஒரு பங்கு. முப்பது நாளில் 7,200 கலோரி சேரும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கிய ஆற்றல் சுமார் 7,700 கலோரி என்பதை வைத்துப் பார்த்தால், மாதம் முழுவதும் தவறாமல் நடந்தும் எடை இறங்கவில்லையே என்று பலர் வருந்துவதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. உங்கள் 170 கலோரி என்பது ஏறத்தாழ 50 கிராம் கேழ்வரகு மாவில் இருக்கும் ஆற்றல். நம் வீடுகளில் தட்டில் விழும் ஒரு களி உருண்டைக்கு இதைவிட அதிக மாவு பிடிக்கும். நடை வீண் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் நடையின் பயன் எரிந்த கலோரியின் அளவோடு முடிந்துவிடுவதில்லை. தசைகள் இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் திறன் நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் கூடியிருக்கும். அதை எந்தக் கடிகாரமும் காட்டாது.

அந்தக் கடிகாரம் எதனால் 410 என்று சொன்னது என்பதை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐயப்பட வேண்டிய இடங்கள் தெரிந்தவைதான். முதலாவது, அது இரவல் கடிகாரம். அதன் செயலியில் உங்கள் தோழியின் வயதும் எடையும்தான் பதிவாகியிருக்கும். இரண்டாவது, கடிகாரத்தின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கு. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கருவி துடிப்பைச் சொல்கிறது. கடிகாரம் தளர்ந்து ஆடினால், கை வீச்சால் வரும் ஒளி மாற்றத்தையே துடிப்பு என்று அது எடுத்துக்கொள்வதுண்டு. வேகமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 110 முதல் 120 அடிகள் வைக்கிறோம். மிதமான நடையில் நம் இதயத்துடிப்பும் அதே அளவில் இருக்கக்கூடும் என்பதால், கருவி காலடியை எண்ணுகிறதா, இதயத்தை எண்ணுகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது, வெயில். சித்திரை, வைகாசியில் நம் பகுதியில் எட்டு மணிக்கு மேல் நடந்தால், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும்; தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் இன்னும் கூடும். செலவாகும் ஆற்றல் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் துடிப்பை மட்டும் பார்க்கும் கருவி கலோரியை ஏற்றிச் சொல்லிவிடும்.

நம் ஊர்ப் பழக்கங்கள் சிலவும் இதில் சேரும். வளையல் போட்ட கையில் கடிகாரத்தைக் கட்டினால், வளையல்கள் அதை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கும். மறு கையில், மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அழுந்தாமலும் ஆடாமலும் கட்ட வேண்டும். மூத்த பெண்கள் பலருடைய கையில் இருக்கும் பச்சை குத்திய கோலத்தின் மேல் ஒளி உணரி உட்கார்ந்தால், மை ஒளியை உறிஞ்சிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும். ஓசூரில் மார்கழிக் காலைக் குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைவதால், உங்கள் மகன் வெளியே ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் கடிகாரம் ஏதேதோ எண்களைக் காட்டலாம். உடல் சூடேறிய பின் சரியாகிவிடும்.

இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவை மார்புப் பட்டையில் இல்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின் சமிக்ஞையை, ஈசிஜி எடுப்பதுபோல, அந்தப் பட்டை நேரடியாகப் பிடிக்கிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கம்பியில்லாத இதயத்துடிப்புக் கருவியை விளையாட்டு வீரர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை, பயிற்சியின்போது துடிப்பை எண்ண இதைவிட நம்பகமான வழி பொதுமக்கள் கையில் கிடைக்கவில்லை. பட்டையின் உட்புறத்தில் தோலில் படும் இரண்டு இடங்களையும் கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். நனைக்காமல் கட்டிவிட்டுக் கருவி சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. மார்பில் கட்டுவது சிரமம் என்று கருதுபவர்களுக்கு, மேற்கையில் கட்டும் ஒளி உணரிப் பட்டைகள் கிடைக்கின்றன. மேற்கையில் சதை அதிகம், அசைவு குறைவு என்பதால் அவை மணிக்கட்டுக் கருவிகளைவிட நிலையாக வேலை செய்யும். வளையல் தொல்லையும் இல்லை.

இப்போது உங்கள் கணவர். சைக்கிளில் கை, பிடியின் மேல் அசையாமல் இருக்கிறது. ஆகவே அசைவை எண்ணும் எந்தக் கருவியும் அவர் ஏறத்தாழ ஓய்வெடுக்கிறார் என்றே நினைக்கும். தூரத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிடும் செயலிகளும் இங்கே அவ்வளவு உதவாது, ஏனென்றால் பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி வழியாக ராயக்கோட்டைக்கு ஏறும்போதும், அதே சாலையில் திரும்பி இறங்கும்போதும் தூரம் ஒன்றுதான், உழைப்பு ஒன்றல்ல. சைக்கிளில் செலவை மிகச் சரியாகச் சொல்வது, பெடலிலோ, பெடலைத் தாங்கும் கிராங்குத் தண்டிலோ பொருத்தி மிதிக்கும் விசையை நேரடியாக அளக்கும் பவர் மீட்டர். ஒருவர் ஒரு மணி நேரம் சராசரியாக 100 வாட் அளவில் மிதித்தால் அவர் செய்த வேலை 360 கிலோ ஜூல். மனித உடல் சைக்கிள் மிதிப்பதில் 20 முதல் 25 சதவீத அளவுக்கே திறன் கொண்டது. மீதி வெப்பமாகப் போகிறது. ஒரு கலோரி 4.18 கிலோ ஜூல் என்பதையும் சேர்த்துப் போட்டால் 345 முதல் 430 கலோரி வரை வருகிறது. ஆகவே பவர் மீட்டர் காட்டும் கிலோ ஜூல் எண்ணையே ஏறத்தாழ கலோரி என்று வைத்துக்கொள்வது சைக்கிள்காரர்களின் வழக்கம். வேறு பெரும்பாலான பயிற்சிகளில் செலவை இவ்வளவு நேராக அறிய முடியாது. எனக்குப் பிடித்த கருவியும் இதுதான். ஆனால் அதன் விலை சாதாரண சைக்கிளின் விலையையே தாண்டிவிடும் என்பதால், போட்டிக்குப் பயிற்சி செய்யாத ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்கு மார்புப் பட்டை போதும்.

அதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அவர் சாப்பிடும் மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பான் வகையாக இருந்தால், அது இதயத்துடிப்பைத் திட்டமிட்டே குறைத்து வைக்கும். ராயக்கோட்டை ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும் துடிப்பு வழக்கமான அளவுக்கு உயராது. துடிப்பை வைத்துக் கணக்கிடும் கருவி, எவ்வளவு துல்லியமாகத் துடிப்பை அளந்தாலும், கலோரியைக் குறைத்தே சொல்லும். அதைவிட முக்கியமாக, 220-லிருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைக் கணக்கிட்டு, "இன்னும் வேகமாக ஓட்டு" என்று கருவி தூண்டுவதை அவர் பொருட்படுத்தவே கூடாது. மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டி, எந்தத் துடிப்பு வரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளட்டும். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா, பேச்சு துண்டு துண்டாக வருகிறதா என்பதே அவருக்குக் கருவியைவிட நல்ல அளவுகோல். மாத்திரை அம்லோடிபின் போன்ற வேறு வகை என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

மகனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டம்பெல், பார்பெல் தூக்கும் பயிற்சியின் கலோரியை எந்தக் கருவியும் நம்பும்படி சொல்வதில்லை. தம் பிடித்துப் பாரம் தூக்கும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, ஆனால் அதற்கு ஈடாக ஆக்சிஜன் பயன்பாடு கூடுவதில்லை. ஓட்டத்துக்காக உருவாக்கிய கணக்கை அங்கே பொருத்தினால் எண் வீங்கிவிடும். மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கும்போது ஒளி உணரியும் தடுமாறும். ஜிம்மில் அவர் எழுத வேண்டியது எத்தனை கிலோ, எத்தனை முறை என்பதைத்தான். டிரெட்மில்லில் ஓடினால், எடையைப் பதிந்துவிட்டு, பக்கவாட்டுக் கம்பியைப் பிடிக்காமல் ஓடட்டும். கம்பியில் சாய்ந்து நடப்பவரின் உழைப்பு குறைவது இயந்திரத்துக்குத் தெரியாது, அது முழுக் கணக்கையும் எழுதிவிடும். சமதள ஓட்டத்துக்கு நடையைப் போல இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்; ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி.

மலை ஏறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது எப்போதும் பக்கத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலை, ராயக்கோட்டை, தீர்த்தமலை, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலை என்று விடுமுறை நாளில் ஏறாதவர் குறைவு. மேலே சொன்ன அதே நடைச் சமன்பாடு, ஒரு மீட்டர் உயரம் ஏற, ஒரு கிலோ எடைக்கு 1.8 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்கிறது. சமதளத்தில் ஒரு மீட்டர் நடப்பதைப் போல 18 மடங்கு. நீங்கள் 100 மீட்டர் உயரம் ஏறினால் அதற்கு மட்டும் ஏறத்தாழ 60 கலோரி, சமதளத்தில் 1.8 கிலோமீட்டர் நடந்ததற்குச் சமம். படிக்கட்டுகள் செங்குத்தாக இருந்தால் இந்தக் கணக்கு தோராயமாகத்தான் பொருந்தும் என்றாலும், அடிகளை மட்டும் எண்ணும் கருவி இதைக் கோட்டைவிடுகிறது என்பதைக் காட்ட இது போதும். ஜிபிஎஸ் சொல்லும் உயரம் பல மீட்டர் முன்னும் பின்னும் தாவும். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அறியும் பாரோமீட்டர் உணரி உள்ள கடிகாரம் ஏற்றத்தை நன்றாகவே பின்தொடரும். மாதம் ஒருமுறை மலை ஏறுபவர் இதற்காகச் செலவழிக்கத் தேவையில்லை. வாரந்தோறும் ஏறுபவர் விவரப் பட்டியலில் அந்த உணரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஆக, என் பரிந்துரை இதுதான். உங்களுக்காக மட்டும் என்றால் கலோரியை அறிய எதையும் வாங்க வேண்டாம். கைப்பேசி தூரத்தைச் சொல்லும், எடைபோடும் இயந்திரம் எடையைச் சொல்லும், மீதியைப் பெருக்கலில் முடித்துக்கொள்ளலாம். கைப்பேசி சொல்லும் தூரம் சரிதானா என்பதை, 400 மீட்டர் ஓடுபாதை உள்ள ஒரு மைதானத்தில் உள்வரிசையில் ஐந்து சுற்று நடந்து, 2 கிலோமீட்டருக்கு எவ்வளவு அருகில் காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் கணவருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால், ப்ளூடூத் உள்ள ஒரு மார்புப் பட்டையையோ மேற்கைப் பட்டையையோ வாங்கி, இருவரும் அவரவர் கைப்பேசியில் அவரவர் வயதையும் எடையையும் பதிந்து மாறி மாறிப் பயன்படுத்தலாம்; இவ்வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் சொந்த விவரங்கள் செயலியில்தான் இருக்கும். நிறுவனத்தைப் பொறுத்துச் சில ஆயிரம் ரூபாயில் இது முடிந்துவிடும். மகன் ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டால் அவருக்கு ஜிபிஎஸ் கடிகாரம் பொருந்தும். அந்த வகையில் சில நிறுவனங்கள், துடிப்புக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்து அந்த நபரின் உடல்திறனையே மதிப்பிட்டுக் கலோரிக் கணக்கைத் திருத்துகின்றன. இத்தகைய கணக்கீட்டில் பேர்பெற்ற ஃபின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் அனலிட்டிக்ஸ் நிறுவனத்தை, ஜிபிஎஸ் கடிகாரங்கள் தயாரிக்கும் கார்மின் 2020-ல் வாங்கியது. நடைக்காரருக்கு அந்த வேறுபாட்டால் பெரிய பயன் இல்லை.

கடைக்காரர் காட்டும் மற்ற வசதிகளில் ஒன்றை மட்டும் குறிப்பாக மறுத்துவிடுங்கள். ஊசி குத்தாமல் இரத்தச் சர்க்கரையைச் சொல்லும் என்று விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அது அதுவரை அனுமதி அளிக்கவில்லை. எல்லையில் நிற்கும் உங்களைப் போன்றவர்களைத்தான் இந்த விளம்பரங்கள் குறிவைக்கின்றன. வாழைப்பழத்தில் கட்டினாலும் துடிப்பு காட்டுகிறது, ஆகவே இந்தக் கருவி போலி என்று காணொளிகளில் சொல்லப்படும் சோதனையை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம்; ஒளியைத் திருப்பி அனுப்பும் எந்தப் பொருளிலும் ஒரு தாளத்தைத் தேடுவது அந்த உணரியின் இயல்பு, நல்ல கருவியும் அங்கே ஏமாறும்.

வாங்கிய பிறகு சில மாதங்களில் ஒன்றைக் கவனிப்பீர்கள்: அதே மைதானம், அதே தூரம், ஆனால் கருவி காட்டும் கலோரி குறைந்துகொண்டே வரும். பலர் இதைப் பார்த்து மனம் தளர்ந்துவிடுகிறார்கள். பயிற்சியால் இதயம் வலுப்பெற்று, ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்பத் தொடங்கியிருக்கிறது. துடிப்பு குறைந்ததால் கருவி கலோரியையும் குறைத்துவிட்டது. உங்கள் எடை மாறாதவரை அந்த நடைக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பழையபடிதான் இருக்கிறது. எடை இறங்கினால் செலவும் உண்மையிலேயே குறையும்; அதனால் இரண்டு மூன்று கிலோ மாறும்போதெல்லாம் செயலியில் எடையைத் திருத்துங்கள். ஒரு நாளின் எண்ணை விட்டுவிட்டு, வாரச் சராசரியை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் எண்ணைத் தோழியின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இரண்டு கருவிகள், இரண்டு கணக்குகள்.

எந்தக் கருவியாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். நடந்து முடித்து நின்ற உடனே, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். கருவியின் எண் அதிலிருந்து ஐந்தாறு துடிப்புக்குமேல் விலகாமல் இருக்க வேண்டும். பிறகு, ஏறக்குறைய ஒரே வெப்பநிலை உள்ள இரண்டு காலைகளில் ஒரே தூரத்தை ஒரே நேரத்துக்குள் நடந்து, இரண்டு நாளும் காட்டிய கலோரியை ஒப்பிடுங்கள். இரண்டும் பத்து சதவீதத்துக்குள் அமைந்தால், அந்த எண் உண்மையைவிடக் கூடவோ குறையவோ இருந்தாலும், உங்களை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ள அது உதவும். ஒரு நாள் 200, மறுநாள் 300 என்று காட்டினால், பெட்டியோடும் பில்லோடும் கடைக்கே கொண்டுபோய்விடுங்கள்.